நடிப்புக்குப் பட்டம் வந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் வரலாறு படித்த ஒருவர் இப்போது நியூஜெர்சியில் இருக்கிறார். அவருடைய மகளுக்கு நடிப்பில் ஆசை. இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றில் நாடகத்தில் பி.ஏ., இன்னொன்றில் நடிப்பில் பி.எஃப்.ஏ. "எதில் சேர்ப்பது ஐயா? வீட்டில் தினமும் இதே பேச்சுத்தான்" என்று எழுதியிருந்தார். நடிக்கத் தெரிந்தவன் அல்ல நான். ஆனால் இந்த இரண்டு பட்டங்களும் ஏன் இரண்டாக இருக்கின்றன என்பது வரலாற்றுக் கேள்வி. அதனால் பதில் எழுத உட்கார்ந்தேன். நம் பிள்ளைகளின் பிள்ளைகள் பலர் அந்த நாட்டில் இதே வயதில் இருப்பதால் எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன்.

முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். பி.எஃப்.ஏ. என்பது தொழிற்பயிற்சிப் பட்டம். நான்கு ஆண்டுப் படிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குரல், உடல், நடிப்பு, மேடை என்று நாடகமாகவே இருக்கும். பி.ஏ.யில் நாடகப் பாடம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குச் சற்றுக் குறைவு வரைதான். மீதி நேரத்தில் வரலாறு, உளவியல், பொருளாதாரம், கணினி என்று எது வேண்டுமானாலும் படிக்கலாம். பி.எஃப்.ஏ.யில் சேர நடித்துக் காட்டித் தேற வேண்டும். பி.ஏ.யில் பல இடங்களில் மதிப்பெண்ணும் கட்டுரையும் போதும்.

இனி கதைக்கு வருவோம்.

நம் ஊரில் அந்தக் காலத்தில் நடிப்பு எங்கே படித்தார்கள்? பாய்ஸ் கம்பெனியில். 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாகச் சேர்ந்தார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அப்படிப்பட்ட கம்பெனிகளில் வளர்ந்தவர்கள்தான். வாத்தியார் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுப்பார். இரவில் மேடை. கூட்டத்தில் நிற்கும் வேடம் முதலில் வரும், பெரிய வேடம் பிறகு வரும். கட்டணமும் இல்லை, பட்டமும் இல்லை. சோறும் தங்க இடமும் கம்பெனியுடையது. கஷ்டமும் கண்டிப்பும் நிறைய இருந்தன. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கற்பதும் நடிப்பதும் அங்கே ஒரே வேலையாக இருந்தன.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே நிலைதான். 19-ம் நூற்றாண்டின் நடுவில் அங்கே பெரிய ஊர்களின் அரங்குகளுக்குச் சொந்தமாக ஒரு நடிகர் குழு இருந்தது. அதற்கு ஸ்டாக் கம்பெனி என்று பெயர். ஒரே பருவத்தில் பல நாடகங்களை மாற்றி மாற்றிப் போடுவார்கள். புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், மூத்தவர் நடிப்பதைப் பார்ப்பான், யாருக்காவது காய்ச்சல் வந்தால் அந்த வேடத்தில் ஏறுவான். அதுதான் அவனுடைய கல்லூரி.

அதைக் கெடுத்தது ரயில். இது பலருக்கு வியப்பாக இருக்கலாம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு தண்டவாளம் நாடு முழுவதும் பரவியது. நியூயார்க்கில் ஒரே ஒரு நாடகத்தைத் தயாரித்து, நடிகர்களையும் திரைச்சீலைகளையும் மொத்தமாக ரயிலில் ஏற்றி, ஊர் ஊராக அனுப்புவது லாபமாக இருந்தது. 1870-களிலிருந்து இந்த முறை வேகமாக வளர்ந்தது. உள்ளூர் அரங்குகள் தங்கள் சொந்தக் குழுக்களைக் கலைத்துவிட்டு, வருகிற குழுவுக்கு இடத்தை வாடகைக்கு விடும் கட்டடங்களாக மாறின. புதியவன் நின்று கற்றுக்கொள்ள இருந்த இடம் போய்விட்டது.

அந்த வெற்றிடத்தில்தான் பள்ளி முளைத்தது. 1884-ல் நியூயார்க்கில் ஸ்டீல் மெக்காயும் ஃபிராங்க்ளின் சார்ஜெண்டும் சேர்ந்து ஒரு நடிப்புப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட்ஸ் ஆனது. லண்டனில் 1904-ல் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ என்ற பெரிய நடிகர் தொடங்கிய பள்ளிதான் இன்று ராடா என்று உலகம் அறிந்த நிறுவனம்.

இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடிப்புப் பள்ளி என்பது கம்பெனி இல்லாமல் போனதற்கு வந்த மாற்று. நான் கடைசியில் சொல்லப்போவது இதிலிருந்துதான் வருகிறது.

பள்ளி சரி, பட்டம் எப்போது வந்தது? அங்கேதான் சண்டை ஆரம்பம். ஒரு பல்கலைக்கழகம் நடிப்பைக் கல்வி என்று ஒத்துக்கொள்ளுமா?

ஹார்வர்டில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் என்ற பேராசிரியர் இருந்தார். அவர் நாடகம் எழுதக் கற்றுக்கொடுத்தார். ஆங்கிலத் துறையில் அவர் பாடத்தின் எண் 47. எழுதியதை மேடையில் போட்டுப் பார்க்காமல் நாடகம் கற்க முடியாது என்று '47 ஒர்க்‌ஷாப்' என்ற பயிற்சிக் குழுவையும் நடத்தினார். பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கிய யூஜின் ஓ'நீல் அவரிடம் படித்தவர். பேக்கர் கேட்டது நாடகத்துக்கு ஒரு நல்ல அரங்கு, ஒரு முழுப் படிப்பு. ஹார்வர்ட் கொடுக்கவில்லை. 1924-ல் எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் யேல் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை அமைக்க 10 லட்சம் டாலர் கொடுத்தார். பேக்கர் யேலுக்குப் போய்விட்டார். கால்பந்து ஆட்டக் கணக்கு போல "யேல் 47, ஹார்வர்ட் 0" என்று அன்று கேலி செய்தார்களாம்.

ஆனால் யேலுக்கும் முன்னால் ஒருவர் துணிந்துவிட்டார். பிட்ஸ்பர்க் நகரில் இரும்பு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய தொழில்நுட்பக் கல்வி நிலையம் அது. இன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அங்கே 1914-ல் தாமஸ் உட் ஸ்டீவன்ஸ் தலைமையில் நாடகத்துக்குப் பட்டப் படிப்பு வந்தது. அமெரிக்காவில் முதன்முதலில் நாடகத்துக்குப் பட்டம் கொடுத்த இடம் அதுதான். யோசித்துப் பாருங்கள். கையால் செய்து கற்பதும் கல்விதான் என்று ஏற்கெனவே நம்பிய இடத்துக்கு நடிப்பை ஏற்பதில் தயக்கம் இல்லை. கொல்லன் பட்டறைக்கும் வரைபட அறைக்கும் பக்கத்தில் ஒரு மேடை. இன்றைய பி.எஃப்.ஏ.யின் மனப்போக்கு இங்கிருந்து வந்தது.

பி.ஏ. வழி வேறு. சிகாகோ அருகில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1878-ல் ராபர்ட் கம்னாக் ஒரு பேச்சுக்கலைப் பள்ளியைத் தொடங்கினார். போதகர், வழக்கறிஞர், ஆசிரியர் யாராக இருந்தாலும் நன்றாகப் பேசத் தெரிய வேண்டும் என்பது அன்றைய எண்ணம். நம் தமிழாசிரியர்கள் செய்யுளை வாய்விட்டு ஒப்பிக்கச் சொல்வார்களே, அந்த மாதிரி. அதிலிருந்து நாடகம் கிளைத்தது. அங்கே ஆல்வினா கிராஸ் என்ற அம்மையார் பல பத்தாண்டுகள் நடிப்பு சொல்லிக்கொடுத்தார். சார்ல்டன் ஹெஸ்டன் அவருடைய மாணவர். இன்றும் அந்தப் பல்கலைக்கழகம் இளங்கலையில் நடிப்புக்கென்று பி.எஃப்.ஏ. தருவதில்லை. மனிதனை முழுசாகப் படிக்க வைத்தால் நடிகன் அதிலிருந்து வருவான் என்பது இந்த வழியின் நம்பிக்கை.

ஆக, பி.ஏ.யா பி.எஃப்.ஏ.யா என்ற கேள்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஒரு பக்கம் பேச்சுக்கலையிலிருந்து வந்தது, இன்னொரு பக்கம் பட்டறையிலிருந்து வந்தது. இரண்டுமே மரியாதையான பரம்பரை. ஒன்று உயர்வு, ஒன்று தாழ்வு என்று நினைக்க வரலாற்றில் இடமில்லை.

அடுத்து, என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது. 1923-ல் மாஸ்கோ கலை அரங்கக் குழு ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தலைமையில் அமெரிக்காவுக்கு வந்து நடித்தது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அந்த அரங்கிலிருந்து வந்த ரிச்சர்ட் பொலஸ்லாவ்ஸ்கி நியூயார்க்கிலேயே தங்கி ஒரு நடிப்புப் பயிற்சிக்கூடம் அமைத்தார். லீ ஸ்ட்ராஸ்பர்க், ஸ்டெல்லா ஆட்லர் போன்ற இளைஞர்கள் அங்கே படித்தார்கள். பிறகு 1931-ல் தொடங்கிய குரூப் தியேட்டரில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். 1934-ல் ஆட்லர் பாரிசுக்குப் போய் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியையே நேரில் பார்த்துப் பாடம் கேட்டுவிட்டு வந்தார். சொந்த வாழ்க்கையின் பழைய துக்கத்தைத் தோண்டி எடுத்து நடிப்பது அவசியமில்லை, நாடகச் சூழலைக் கற்பனை செய்வதுதான் முக்கியம் என்றார். ஸ்ட்ராஸ்பர்க் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிளவு கடைசிவரை தீரவில்லை. மார்லன் பிராண்டோ ஆட்லரின் மாணவர். ஆக்டர்ஸ் ஸ்டுடியோ என்ற 1947-ல் தொடங்கிய அமைப்பு, 1951-க்குப் பிறகு ஸ்ட்ராஸ்பர்க் பெயரோடு சேர்ந்தே பேசப்பட்டது.

இதை ஏன் சொல்கிறேன்? நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைக் கல்லூரியில் பல ஆண்டுகளாக ஒரு வழக்கம் உண்டு. நாடக மாணவர்களை வெவ்வேறு ஸ்டுடியோக்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். ஆட்லர் பெயரில் ஒன்று, ஸ்ட்ராஸ்பர்க் பெயரில் ஒன்று. பட்டச் சான்றிதழில் ஒரே எழுத்துகள்தான் இருக்கும். ஆனால் உள்ளே கற்றது ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத இரண்டு வாத்தியார்களின் வழி. பட்டத்தின் பெயர் பாடத்தைச் சொல்லாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

1960-கள் பி.எஃப்.ஏ. வழிக்குப் பெரிய காலம். வட கரோலினா மாநில அரசு 1963-ல் சட்டம் போட்டு ஒரு கலைப் பயிற்சிக் கல்லூரியை ஏற்படுத்தியது. 1965-ல் அது திறந்தது. 1968-ல் இசைக்குப் பேர்போன ஜூலியார்ட் பள்ளி நாடகப் பிரிவைத் தொடங்கியது. ஜான் ஹவுஸ்மனும் மிஷேல் சாந்தெனியும் அதை அமைத்தார்கள். ஆண்டுக்கு 20 பேருக்குள்தான் எடுப்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று. ஜூலியார்டின் முதல் அணி 1972-ல் படிப்பை முடித்தது. கெவின் கிளைன், பட்டி லுபோன் எல்லாம் அதில் இருந்தார்கள். நான்கு வருடம் சேர்ந்து பழகிய இந்தப் பிள்ளைகளைக் கலைத்து அனுப்ப ஹவுஸ்மனுக்கு மனம் வரவில்லை. அவர்களை வைத்தே 'தி ஆக்டிங் கம்பெனி' என்ற குழுவை அமைத்து ஊர் ஊராக நாடகம் போட வைத்தார். யேலிலும் இதுதான் நடந்தது. ராபர்ட் புரூஸ்டைன் அங்கே தலைவராக வந்ததும் 1966-ல் செய்த வேலை, பள்ளியோடு சேர்ந்து யேல் ரெப்பர்ட்டரி தியேட்டர் என்ற தொழில்முறை அரங்கை ஏற்படுத்தியது. கவனித்தீர்களா? கம்பெனி போன இடத்தில் வந்தது பள்ளி. நல்ல பள்ளிகளை நடத்தியவர்கள் திரும்பவும் கம்பெனியைத்தான் கட்டினார்கள். அது இல்லாமல் நடிகன் முழுசாக உருவாவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி பணம். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

புரூஸ்டைன் 1979-ல் யேலை விட்டு ஹார்வர்டுக்குப் போனார். பேக்கர் போன பாதையில் எதிர்த்திசை. அங்கே 1980-ல் அமெரிக்கன் ரெப்பர்ட்டரி தியேட்டரையும், 1987-ல் அதோடு இணைந்த நடிப்புப் பயிற்சி நிலையத்தையும் தொடங்கினார். இரண்டு ஆண்டுப் பட்டமேற்படிப்பு. நல்ல பெயர். ஆனால் 2017 ஜனவரியில் அமெரிக்கக் கல்வித் துறை, மாணவர் கடனையும் அவர்களின் பிந்தைய வருமானத்தையும் ஒப்பிட்டு வெளியிட்ட பட்டியலில் அந்தப் படிப்பு 'தோல்வி' என்று வந்தது. படித்து முடித்தவர்களின் கடன் சுமார் 78,000 டாலர். ஆண்டு வருமானம் சுமார் 36,000 டாலர். அந்த நிலையம் புதிய மாணவர் சேர்க்கையை நிறுத்தி வைத்தது. ஹார்வர்ட் என்ற பெயர் அங்கே படித்தவர்களின் வட்டியைக் குறைக்கவில்லை.

இதற்கு நேர் எதிராக யேலில் 2021-ல் டேவிட் கெஃபன் 15 கோடி டாலர் கொடுத்தார். அன்றிலிருந்து அங்கே நாடகப் பட்டமேற்படிப்பு மாணவர்கள் யாருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. நம் டெல்லியில் 1959-ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியும் அந்த வகைதான். ராடாவில் படித்து வந்த இப்ராஹிம் அல்காசி 1962 முதல் 1977 வரை அதன் இயக்குநர். நசீருதீன் ஷா, ஓம் புரி எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். மூன்று ஆண்டு படித்தால் கிடைப்பது பட்டம் அல்ல, டிப்ளமாதான். ஆனால் மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. நடிகனைக் கடனாளி ஆக்காமல் வெளியே அனுப்புவது அந்தப் பள்ளியின் பெரிய கொடை. கடன் இல்லாதவனால்தான் சின்ன நாடகத்தில் சின்ன வேடத்தை ஒத்துக்கொள்ள முடியும். கடன்காரன் மாதத் தவணைக்காக வேறு வேலைக்குப் போய்விடுவான். மேடை அவனை இழந்துவிடும்.

"இன்னார் அந்தக் கல்லூரியில் படித்துத்தான் பெரிய ஆளானார்" என்று கல்லூரிகள் புகைப்படம் போட்டுக் காட்டும். வகுப்பில் நான் அடிக்கடி சொல்வதுதான்: வென்ற ராஜாவின் கல்வெட்டை மட்டும் படித்து யுத்தத்தை எழுதாதீர்கள். அதே வகுப்பில் படித்த மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். அந்தப் பெயர்களை வைத்துப் பார்த்தாலும் இரு வழியும் தெரிகிறது. மெரில் ஸ்ட்ரீப் வாஸர் கல்லூரியில் 1971-ல் பி.ஏ. முடித்து, பிறகு யேலில் 1975-ல் எம்.எஃப்.ஏ. முடித்தவர். வயோலா டேவிஸ் ரோட் ஐலண்ட் கல்லூரி என்ற மாநில அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்கிவிட்டுத்தான் ஜூலியார்டுக்குப் போனார். டென்சல் வாஷிங்டன் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் நாடகமும் இதழியலும் படித்தவர். ஜூலியார்டிலேயே நேராகச் சேர்ந்து ஜெயித்தவர்களும் உண்டு.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? பட்டத்தின் எழுத்தை விட்டுவிடுங்கள். கல்லூரிக்குள் கம்பெனி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். நேரில் போகும்போது அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் இவற்றைக் கேளுங்கள்.

மேடை எப்போது கிடைக்கும்? சில பயிற்சிக் கல்லூரிகளில் முதல் வருடம் பார்வையாளர் முன் ஏற்றவே மாட்டார்கள். அதற்கு அவர்களிடம் காரணம் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். பட்டமேற்படிப்பும் உள்ள இடங்களில் பெரிய வேடம் எல்லாம் மூத்தவர்களுக்கே போகிறதா என்றும் கேளுங்கள்.

யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஒரே ஆசிரியர் பிள்ளையை இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து பார்க்கிறாரா? பிள்ளையின் குரலில் எது குறை என்று தெரிய ஒரு வாத்தியாருக்குக் காலம் வேண்டும். என் அனுபவத்தில் பாட ஆசிரியருக்கே ஒரு வருடம் போதாது.

நடுவில் கழித்து அனுப்புகிறார்களா? ஜூலியார்டில் இரண்டாம் ஆண்டு முடிவில் சிலரை நிறுத்திவிடும் வழக்கம் முன்பு இருந்தது. பல இடங்களில் இப்போது விட்டுவிட்டார்கள். எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மனம் மாறினால் வழி உண்டா? 18 வயதில் எடுக்கும் முடிவு 20-ல் மாறலாம். பி.ஏ.யில் அதே கல்லூரியில் வேறு பாடத்துக்கு நகர்வது எளிது. பி.எஃப்.ஏ.யில் அதுவரை படித்தது பெரும்பாலும் நடிப்பாகவே இருக்கும்.

கடைசியாக, நான்கு வருட முடிவில் பிள்ளையின் பெயரில் எவ்வளவு கடன் நிற்கும்? உதவித்தொகை முதல் வருடத்துக்கு மட்டுமா, நான்கு வருடத்துக்குமா? இதைக் காகிதத்தில் எழுதி, மாதத் தவணையாகப் பிரித்து, பிள்ளையின் கண்ணில் படும்படி வையுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், மேடையும் ஆசிரியரும் ஏறக்குறைய சமமாக இருந்தால் கடன் குறைந்த இடத்தில் சேருங்கள், அது எந்தப் பட்டமாக இருந்தாலும். நான்கு வருடத்துக்குப் பிறகும் ஆசை தணியவில்லை என்றால், கட்டணம் இல்லாத பட்டமேற்படிப்புக்கு நடித்துக் காட்டிப் போகலாம். அந்தக் கதவு 22 வயதிலும் திறந்திருக்கும், 25-லும் திறந்திருக்கும். நடிப்பைத் தவிர வேறு எதிலும் மனம் நிற்காத பிள்ளை, நல்ல உதவித்தொகையோடு நல்ல பி.எஃப்.ஏ. கிடைத்தால், தயங்காமல் அனுப்புங்கள். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கூத்தாடிப் பிழைப்பு என்று நம்மவர்கள் இளப்பமாகப் பேசிய காலத்தில்தான் பிட்ஸ்பர்க்கில் ஒரு தொழிற்கல்வி நிலையம் அதற்குப் பட்டம் கொடுத்தது.

உங்கள் வீட்டில் யாராவது இந்தப் படிப்பு படித்திருந்தால் கீழே எழுதுங்கள். எத்தனை நாடகத்தில் ஏறினார்கள், கடன் அடைக்க எத்தனை வருடம் ஆனது என்ற இரண்டையும் சேர்த்து எழுதினால் அடுத்து வரும் பிள்ளைகளுக்கு உதவும்.